துணி உலர்த்தும் இயந்திரம் நின்றுவிட்டால்

அடைமழைக் காலம் வந்துவிட்டால் நம் தோட்டப்புறங்களில் துணி காய்வது பெரும்பாடு. மரம் வெட்டப் போகிறவர் சட்டையில் பால்வாடை. பிள்ளைகளின் சீருடையில் ஈரவாடை. கொடியில் மூன்று நாள் தொங்கினாலும் காய்வதில்லை. ஆகவே, கையில் நாலு காசு சேர்ந்ததும் துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்றைப் பழையதாகவேனும் வாங்கிவிடுகிறோம். நல்லதே. ஆனால், அது ஒருநாள் திடீரென நின்றுவிட்டால் என்ன செய்கிறோம்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு வீட்டில் உலர்த்தும் இயந்திரம், தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தல், இஸ்திரிப்பெட்டி ஆகிய மூன்றையும் ஒரே நீட்டு வயரில் செருகியிருந்தார்கள். அந்த வயரின் பிளக்கிலிருந்த பியூஸ் அடிக்கடி எரிந்துபோயிற்று. வீட்டுப் பையன் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை எரிந்த பியூஸின் மேல் சுற்றிவிட்டான். இயந்திரம் ஓடியது, எல்லாருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் இரவு கருகல் நாற்றம். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது பிளக் உருகிப் பலகைச் சுவர் கறுத்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

இதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இயந்திரத்தில் எழுதியுள்ள வாட் எண்ணை 230 ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். உலர்த்தும் இயந்திரம் 2300 வாட் என்றால் 10 ஆம்பியர். கேத்தலும் 2300 வாட் என்றால் இன்னொரு 10. இஸ்திரிப்பெட்டி 1150 வாட் என்றால் 5. ஆக மொத்தம் 25 ஆம்பியர். பிளக்கிலுள்ள பியூஸோ 13 ஆம்பியருக்கு உரியது. அது எரிந்தது பழுதினால் அன்று. நம்மைக் காப்பாற்றவே எரிந்தது.

சரி, இயந்திரம் நின்றுவிட்டது. வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, வீட்டில் விளக்கு எரிகிறதா? பக்கத்து வீட்டில் எரிகிறதா? வரிசை முழுதும் இருளென்றால் இயந்திரத்தின்மேல் குற்றமில்லை. சுவிட்சை அடைத்துவிட்டு, தீபகற்பத்தில் இருப்பவர்கள் மின்வாரியத்தின் 15454 எண்ணுக்குச் சொல்லலாம்.

இரண்டாவது, மெயின் பெட்டியில் எந்தச் சுவிட்ச் விழுந்திருக்கிறது? சிறிய சுவிட்ச் என்றால் பெரும்பாலும் பாரம் மிகுதி அல்லது வயர்கள் ஒன்றோடொன்று தொட்டிருக்கும். ஈ.எல்.சி.பி. எனப்படும் கசிவுச் சுவிட்ச் விழுந்திருந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது. எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டுச் சுவிட்சை ஏற்றுங்கள். பிறகு உலர்ந்த கையால் ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகியதும் விழுகிறதோ, அதில்தான் கோளாறு. அதை ஒதுக்கிவையுங்கள். ஒன்றும் செருகாமலே விழுந்தால் வீட்டு வயரில் கோளாறு. மீண்டும் மீண்டும் ஏற்றிப் பார்க்கவேண்டாம்.

மூன்றாவது, அதே துளையில் ஒரு மேசை விசிறியைச் செருகிப் பாருங்கள். விசிறி சுழன்றால் கோளாறு பிளக்கிலோ இயந்திரத்திலோதான்.

நான்காவது, சுவிட்சை அடைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின் பியூஸை மாற்றுங்கள். சிரிம் முத்திரையுள்ள 13 ஆம்பியர் பியூஸே வேண்டும். புதியதும் எரிந்தால் அத்தோடு நிறுத்துங்கள். பிளக் பழுப்பேறியோ கைசுடும்படியோ இருந்தாலும் அப்படியே.

ஐந்தாவது, கதவு இறுக மூடியிருக்கிறதா? மூடாவிட்டால் இயந்திரம் ஓடாது. உருளை சுற்றுகிறது, சூடு மட்டும் இல்லை என்றால் பஞ்சு வடிகட்டியைப் பாருங்கள். பஞ்சு அடைத்தால் காற்று போகாது. உள்ளே சூடு மிகும். உடனே காப்புச் சாதனம் சூட்டை நிறுத்திவிடும். அந்தப் பஞ்சு எளிதில் தீப்பற்றும். ஆகவே, ஒவ்வொரு தடவையும் அதை எடுத்துவிடுங்கள்.

இதற்கு மேல் பின்மூடியைத் திறப்பது நம் வேலையன்று. இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவரிடமும், வீட்டு வயரை உரிமம் பெற்ற வயர்மேனிடமும் ஒப்படைப்போம்.

தாய்மார்களே, இரண்டு சொற்கள் மட்டும் நினைவில் இருக்கட்டும். உலர்த்தும் இயந்திரத்துக்குத் தனித் துளை வேண்டும். நீட்டு வயர் ஆகாது. பிளக்கின் நீண்ட மேல்முள் நில இணைப்புக்கு உரியது. அதை ஒடிக்கவே கூடாது. மாதம் ஒருமுறை கசிவுச் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழுந்தால் நல்லது. விழாவிட்டால் வயர்மேனை அழையுங்கள்.

அன்று வெள்ளித்தாள் சுற்றிய பையன் கெட்டவனல்லன். தங்கையின் சீருடை காயவேண்டுமே என்றுதான் செய்தான். ஒரு கோப்பைத் தேநீர்க் காசில் கிடைக்கும் பியூஸ் எதற்காக இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆசிரியர்களாகிய நாங்களும் சொல்லவில்லை. அந்தக் குறையை இன்று தீர்த்துக்கொள்கிறோம். நீங்களும் இன்றிரவே உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.