நாடாவிலிருந்து தட்டுக்கு



ஒரே பெட்டியில் இரண்டு வாய் கொண்ட ஒரு யந்திரத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கின்றேன். ஒரு வாய் அகன்றது. அதிலே கறுப்பு நிற வீடியோ கேசட் நுழையும். மற்றொன்று மெல்லிய தட்டத்தை நீட்டி, டி.வி.டி. என்னும் தட்டை ஏந்திக்கொள்ளும். இரண்டையும் ஓட்டிக் காட்டுவதோடு, நாடாவில் உள்ளதைத் தட்டிலே எழுதவும் வல்லது இந்த யந்திரம். உங்களில் பலர் இதைக் கண்டிருக்கமாட்டீர்கள். கைப்பேசியில் படம் பிடித்துக் கைப்பேசியிலேயே பார்க்கும் தலைமுறை நீங்கள். ஆயினும் உங்கள் பாட்டனார் வீட்டுப் பரணில் நான்கைந்து கேசட்டுகள் தூசி படிந்து கிடக்கக் கூடும். அவற்றின் பொருட்டே இந்தப் பேச்சு.

ஓடும் படத்தைக் காந்த நாடாவில் பிடிக்கும் வித்தை 1956-ல் அமெரிக்காவில் கைகூடியது. ஆம்பெக்ஸ் நிறுவனத்தில் சார்லஸ் கின்ஸ்பர்க் என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழுவினர் அதனைச் செய்து முடித்தனர். பின்னாளில் ஒலித்துறையில் பெரும்புகழ் பெற்ற ரே டால்பி அக்குழுவில் ஓர் இளைஞர். அவர்களுடைய நாடா ஐந்து சென்டிமீட்டர் அகலம் உள்ளது; வினாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடியது. அந்தப் பெரிய யந்திரம் தொலைக்காட்சி நிலையங்களுக்கே உரியதாயிருந்தது. வீட்டுக்கு ஏற்ற வி.எச்.எஸ். கேசட் 1976-ல் ஜப்பானில் வெளிவந்தது. நம் நாட்டிலே 1982-ல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது; அதற்குப் பின் ‘டெக்’ என்று நம்மவர் அழைத்த பதிவு யந்திரமும் பரவிற்று. நாள் வாடகைக்கு டெக் எடுத்துத் தெருவே கூடிப் படம் பார்த்த காலம் அது. கலியாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், பள்ளி ஆண்டு விழா எல்லாம் நாடாவில் ஏறின.

அந்த நாடாவின் வேலையை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பே. அதன் அகலம் 12.7 மில்லிமீட்டர், வினாடிக்கு இரண்டேகால் சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் நகர்கின்றது. இவ்வளவு மெதுவாகச் செல்லும் நாடாவில் படத்துக்கு வேண்டிய நுண்ணிய விவரம் எவ்வாறு ஏறும்? பதிவு செய்யும் காந்தமுனைகளை ஓர் உருளையிலே பதித்து, அவ்வுருளையை வினாடிக்கு 25 முறை சுழலவிடுகின்றார்கள். நாடா அதனைச் சாய்வாகச் சுற்றிச் செல்கின்றது. அதனால் ஒவ்வொரு சுழற்சியிலும் நாடாவின் குறுக்கே சாய்ந்த கோடுகள் எழுதப்படுகின்றன. நாடா ஆமை போல் நடக்க, எழுதுகோல் முயல் போல் ஓடுகின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு ஏறத்தாழ 250 மீட்டர் நாடா போதுமானதாயிற்று.

ஆனால் அந்த நாடா என்பது என்ன? பாலியெஸ்டர் பட்டையின் மேல் இரும்பு ஆக்ஸைடுத் துகள்களை ஒரு பசையால் ஒட்டியதே. அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் கெடுகின்றது. நம்முடைய கடற்கரை ஊர்களில் பூஞ்சணமும் சேர்ந்துகொள்கின்றது. அன்றியும், நாடா நன்றாயிருந்தாலும் அதனை ஓட்ட யந்திரம் வேண்டுமல்லவா? ஃபூனாய் என்னும் ஜப்பானிய நிறுவனம், உதிரி உறுப்புகள் கிடைப்பது அரிதாகிவிட்டதென்று கூறி, 2016 ஜூலையில் வீடியோ கேசட் யந்திர உற்பத்தியை நிறுத்தியது. ஆகவே நாடாவும் மூப்படைகின்றது. அதனைப் படிக்கும் யந்திரமும் மறைந்து வருகின்றது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலிக் காப்பகம், 2025-க்குள் மாற்றப்படாத நாடாக்களிற் பெரும்பகுதி இழக்கப்படும் என்று 2015-லேயே எச்சரித்தது. அந்த ஆண்டும் வந்து போயிற்று. இன்றும் ஓடக்கூடிய நாடாக்கள் இருக்கின்றன. ஆனால் நாளை என்று தள்ளிவைக்க இடமில்லை.

இரட்டை யந்திரம் உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருந்தால், அல்லது பழைய பொருள் விற்பவரிடம் நல்ல நிலையில் கிடைத்தால், வேலையைத் தொடங்கலாம். முதலில் கேசட்டின் கண்ணாடிச் சாளரத்தின் வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் உள்ளே செலுத்தாதீர்கள். அந்தப் பூஞ்சணம் காந்தமுனையில் ஒட்டிக்கொண்டு, அடுத்து நுழையும் கேசட்டையும் கெடுக்கும். அத்தகையதைத் தொழில் தெரிந்தவரிடமே ஒப்படைக்க வேண்டும். சுத்தமான நாடாவை ஒருமுறை முழுவதும் முன்னோட்டிப் பின் திருப்பிச் சுற்றுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒட்டிக் கிடந்த சுருள் தளரும்.

அடுத்து, கேசட்டின் முதுகுப்புறத்து ஓரத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் தகடு இருக்கின்றதா என்று நோக்குங்கள். இருந்தால் உடைத்துவிடுங்கள். அஃது உள்ளவரை அந்த நாடாவின் மேல் மறுபடி எழுதலாம்; உடைத்தபின் யந்திரம் எழுத மறுக்கும். இது மிக முக்கியம். ஏனெனில் இவ்வகை யந்திரங்கள் பலவற்றில் நாடாவிலிருந்து தட்டுக்கும், தட்டிலிருந்து நாடாவுக்கும் என இரு திசையிலும் படியெடுக்கும் பொத்தான்கள் உண்டு. கை தவறினால் போனது போனதே. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக் கலியாண நாடாவில் மாப்பிள்ளை மாலை மாற்றக் கை உயர்த்துகின்றார். மறுகணம் 1996 உலகக் கோப்பைக் கிரிக்கெட் ஆட்டம் தொடங்கிவிடுகின்றது! வீட்டுப் பையன் ஒருவனின் கைவேலை. அந்த மாலை விழுந்ததை இனி யாரும் பார்க்க இயலாது.

தட்டைப் பற்றியும் சிறிது அறிதல் வேண்டும். 12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள அதில் 470 கோடி பைட்டுகள் அடங்கும். அதற்குள் மணிக்கணக்கான படத்தை அடக்க, யந்திரம் ஓர் உபாயம் செய்கின்றது. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது, வந்தவர் எல்லோரையும் வருணிக்காமல் வராதவரை மட்டும் ஆசிரியர் குறித்துக்கொள்கின்றார் அன்றோ? அதுபோல், முந்தைய படத்திலிருந்து மாறியது எதுவோ அதையே பெரும்பாலும் எழுதுகின்றது. ஒரே தட்டில் ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி, ஆறு மணி என்று நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நேரம் கூடக்கூடப் படம் குன்றும். ஆறு மணி நேர அளவில் எழுதினால், நாட்டியம் ஆடுபவரின் கைகள் சதுரம் சதுரமாகச் சிதறித் தோன்றும். சிக்கனம் கருதி அதைத் தேர்ந்தெடுப்போர் பலர். எனக்கு அஃது உடன்பாடன்று. இரண்டு மணி நேர அளவே ஏற்றது. மூன்று மணி நாடாவுக்கு இரண்டு தட்டுகள் செலவானால் ஆகட்டும்.

கடையில் விலைக்கு வாங்கிய திரைப்படக் கேசட்டுகளைப் படியெடுக்க முயன்றால் யந்திரம் பெரும்பாலும் மறுக்கும். அவற்றில் படியெடுப்பதைத் தடுக்கும் குறி சேர்க்கப்பட்டிருக்கும். அதனோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய நாடா சரியாக ஓடாவிட்டாலும் பழுதென்று எண்ணாதீர்கள். நம் நாட்டுப் படம் 625 கோடுகளாலானது, அவர்களுடையது 525.

எழுதி முடித்ததும் ‘ஃபைனலைஸ்’ என்னும் கட்டளையைக் கொடுத்துத் தட்டை முடித்துவைக்க வேண்டும். இல்லையேல் எழுதிய யந்திரத்தில் மட்டும் ஓடி, மற்றவற்றில் வெற்றுத் தட்டாகவே தோன்றும்.

வீட்டில் செய்யும் பதிவு அற்பம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரில் மேரியன் ஸ்டோக்ஸ் என்னும் அம்மையார் வாழ்ந்தார், முன்பு நூலகராயிருந்தவர். 1979 முதல் 2012-ல் தாம் இறக்கும் வரை தொலைக்காட்சிச் செய்திகளை இரவு பகலாக வீட்டிலேயே நாடாவில் பதிந்துவந்தார். சேர்ந்த கேசட்டுகள் ஏறத்தாழ 70,000. நிலையங்களே பாதுகாக்காமல் விட்ட பல செய்தி ஒளிபரப்புகள் அவர் வீட்டு அறைகளில் தங்கியிருந்தன. இன்று அவை ஒரு பொதுக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன.

நம் வீட்டு நாடாக்கள் அத்தகைய பேரேடல்ல. எங்கள் பள்ளித் தமிழாசிரியர் ஒருவருக்கு 1991-ல் நடந்த பிரிவுபசார விழாவின் நாடா ஒன்றை நான் தட்டுக்கு மாற்றினேன். அவர் இன்று இல்லை. அவர் குரல் வேறெங்கும் பதிவாகவுமில்லை. பதினோரு நிமிடம் பேசுகின்றார். நடுவே மின்விசிறி இரைச்சல்.

மூன்று மணி நாடா தட்டுக்கு மாற மூன்று மணி நேரமே ஆகும். அதை விரைவுபடுத்த வழியில்லை. இளைஞர்களுக்கு இது பொறுமையைச் சோதிப்பதுதான். ஆனால் அந்த நேரத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவரை அருகே உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் பரிமாறுபவர் யார், வாசலில் நிற்கும் சிறுமி யார் மகள், அந்தத் திண்ணை வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் நிமிடக் கணக்கோடு எழுதிக்கொள்ளுங்கள். படத்தை யந்திரம் எழுதிவிடும்; பெயர்களை அதனால் எழுத முடியாது.

தட்டும் சிரஞ்சீவியன்று. அதிலுள்ள சாயம் வெயிலில் மங்கும். அதனைப் படிக்கும் கருவியும் இப்போது பல மடிக்கணினிகளில் இடம்பெறுவதில்லை. ஆதலால் தட்டிலிருந்து கணினிக்கும் ஒரு படி எடுத்துவையுங்கள். தட்டின் மேல் காகிதச் சீட்டு ஒட்டாமல், மென்முனை மைப்பேனாவால் ஊர், நிகழ்ச்சி, ஆண்டு ஆகியவற்றை எழுதி, இரண்டாவது தட்டொன்றை வேறு ஊரிலுள்ள அத்தை வீட்டுக்கோ சித்தப்பா வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். பழைய நாடாவையும் எறிந்துவிடாமல், நிமிர்த்தி அடுக்கி, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள்.