அருள் எனப் பெயர் பூண்ட கொலை



1995 மார்ச் 20, திங்கட்கிழமை காலை. ஜப்பானியத் தலைநகராம் டோக்கியோவின் சுரங்க இரயில் ஒன்றில் முகத்திரை அணிந்த ஒருவர் அமர்ந்திருந்தார். காலடியில் செய்தித்தாளால் மூடிய இரு நெகிழிப் பைகள். நிலையம் நெருங்கியதும் கூர் தீட்டிய குடைமுனையால் குத்திவிட்டு இறங்கிச் சென்றார். பையில் இருந்தது சாரின் என்னும் நரம்பு நஞ்சு. அவ்வேளை வேறு நான்கு வண்டிகளிலும் இதுவே நிகழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் நலிந்தனர். மாண்டவர் 14 பேர்; அவருள் ஒரு பெண் கால் நூற்றாண்டு நோயில் கிடந்து 2020இல் மறைந்தார்.

குத்தியவர் ஹயாஷி இக்குவோ. இதய அறுவை மருத்துவர். கல்லாமையும் வறுமையுமே வன்முறையின் தாய் என்போர்க்கு இவர் வாழ்வு விடையிறுக்க இயலாத வினா. சாவை மருத்துவம் வெல்லாமை கண்டு மெய்ம்மை தேடிய அவர், 1990இல் பணி துறந்து ஓம் ஷின்ரிக்கியோ என்னும் இயக்கத்தில் இணைந்தார். தேட்டம் பழுதன்று, சேர்ந்த இடமே பழுது.

அவ்வியக்கமும் கொலையில் தொடங்கியதன்று. 1984இல் அசஹாரா ஷோக்கோ நடத்திய யோகப் பயிற்சிக் கூடமே அதன் வித்து. 1988இல் பயிற்சியின்போது அடியவர் ஒருவர் இறந்தார். அதனை மறைத்தனர். அதை அறிந்து விலக எண்ணிய மற்றொருவரை மறு ஆண்டு கொன்றனர். அவ்வாண்டு நவம்பரில், எதிர்த்து வழக்காடிய வழக்கறிஞரையும் மனைவியையும் பால்மணம் மாறாத மகவையும் கொன்றனர். ஒரு மறைப்பைக் காக்க அடுத்த குற்றம். திரும்பும் வழி ஒவ்வொரு படியிலும் குறுகியது.

மனச்சான்று எங்கே போயிற்று? அதற்கொரு சொல் தந்தார் அசஹாரா: 'போவா'. உயிர் பிரியுங்கால் உணர்வை உயர்நிலைக்குச் செலுத்தும் திபெத்தியப் பௌத்தப் பயிற்சியின் பெயர் அது. தீவினை சேர்ப்பவனைக் குருவின் ஆணைப்படி கொல்வது அவனுக்குச் செய்யும் அருள் என்று அவர் பொருளைத் திரித்தார். வெறுப்பைக் காட்டிலும் கொடியது இத்தகைய இரக்கம்; வெறுப்பவனுக்கு ஒருநாள் வெட்கம் வரக்கூடும், அருள் செய்வதாக நம்புபவன் எதற்கு வெட்குவான்?

ஆயினும் ஹயாஷிக்கு வெட்கம் வந்தது. சிறையில் தாமே வாய் திறந்தார். அவ்வாக்குமூலமே வழக்கின் முடிச்சை அவிழ்த்தது. அதனை எண்ணி அரசுத் தரப்பு மரண தண்டனை கோரவில்லை. 1998இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றது. அசஹாரா உள்ளிட்ட 13 பேர் 2018 ஜூலையில் தூக்கிலிடப்பட்டனர்.

அந்த வண்டியில் வைத்த பைகளை அகற்ற முனைந்த நிலையப் பணியாளர் இருவர் உயிர் துறந்தனர். பின்னர்ச் சோதித்தபோது, ஹயாஷி கொண்டுவந்த இரு பைகளுள் ஒன்று மட்டுமே துளைபட்டிருந்தது.