பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு ஒரு நடை

ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குள் பெலிஹுல் ஓயா சுமார் 20 மீற்றர் உயரத்திலிருந்து விழும் இடந்தான் பேக்கர் நீர்வீழ்ச்சி. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கரின் பெயர் அது. யானைகளையும் மரைகளையும் வேட்டையாடித் திரிந்தவரின் பெயர், இன்று வேட்டைக்கே இடமில்லாத காட்டில் நிலைத்திருக்கிறது.

தட்டையான வவுனியாவில் இருப்பவர்களுக்கு, மாரியில் குளம் நிரம்பி வான் பாய்வதுதான் தண்ணீர் விழும் காட்சி. நீர்வீழ்ச்சி பார்க்க மலைநாட்டுக்கே போகவேண்டும். ஏ-9 வீதியால் கண்டி, அங்கிருந்து நுவரெலியா, பிறகு பட்டிப்பொல வழியாகப் பூங்கா. சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே இருப்பதால் வன்னி வெயிலில் ஊறிய உடம்புக்கு விடியற்காலைக் குளிர் கடுமைதான். தை, மாசியில் புல்லின்மேல் உறைபனியும் படியும்.

வாசலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். கிடப்பதை மரைகள் தின்றுவிடும் என்பதால் அந்தக் கெடுபிடி நியாயமானது.

ஃபார் இன் கட்டிடத்தருகே தொடங்கும் சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பள்ளத்தையும் பார்க்க நினைப்பவர்கள் முதலில் அங்கே போவதே புத்தி. காலை ஒன்பது, பத்து மணிக்குள் முகில் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். நீர்வீழ்ச்சிக்கு அந்த அவசரமில்லை. கடைசி இறக்கம் மட்டும் செங்குத்து. மழை நாளில் வழுக்கும். கீழே கரும்பாறையில் தண்ணீர் பல கிளையாகப் பிரிந்து விழுகிறது. குளிக்க இறங்குவது ஆபத்து.

உயரத்தில் இதைவிடப் பெரியவை நாட்டில் பல உண்டு. பார்க்கவேண்டியது இதற்குத் தண்ணீர் வரும் வழியை. முகிற்காட்டு மரங்களின் இலையும் பாசியும் மூடுபனியிலிருந்தே ஈரத்தைப் பிடிக்கின்றன. புல்வெளியின் கறுத்த மண் மழையை உறிஞ்சி மெல்ல மெல்லக் கசியவிடுகிறது. கரை கட்டாத குளம் என்றே அதைச் சொல்லலாம். மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் தலைநீர் இங்கிருந்து போகிறது. 1960களில் இந்தப் புல்வெளியில் உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். 1969 இல் ஒதுக்கிடமாகவும் 1988 இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. 2010 இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

பேக்கரில் விழும் தண்ணீர் வளவை கங்கையில் கலந்து, உடவளவை நீர்த்தேக்கத்தில் தங்கி, தெற்கின் வயல்களுக்குப் பாய்ந்து, மிஞ்சியது அம்பலாந்தோட்டையருகே கடலில் சேர்கிறது.