"பார்த்துக் கொடுங்க" என்று வேலை எடுக்காதீர்கள்

(நமது டிரஸ்ட் நடத்திய இணையப் பக்க வடிவமைப்புப் பயிற்சியின் நிறைவு நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)



 



இன்று சான்றிதழ் வாங்கியவர்களில் சிலர் ஏற்கனவே வெளியூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் இணையப் பக்கம் செய்து கொடுக்க ஆர்டர் பிடித்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் போன மாதம் முழுக்கப் பெற்றோர்கள் அலுவலகத்துக்கு வந்து எங்களிடம் கேட்டதெல்லாம் இதைத்தான்: "பாய், முகம் தெரியாத ஆளுக்கு வேலை செஞ்சு கொடுத்தா காசு வருமா? இது ஹலாலான தொழில்தானா?" அதற்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறோம். கூடவே எங்கள் மீதுள்ள ஒரு கடனையும் இந்தச் சபையில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தத் தொழில் புதிது என்று நினைக்கிறோம். நம் பக்கத்துப் பத்தமடையைப் பாருங்கள். கோரைப் பாயில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வைத்து நெய்து தரும் பழக்கம் அங்கே நெடுங்காலமாக இருக்கிறது. நெய்பவர்களில் பெரும்பாலோர் நம் வீட்டுப் பெண்கள்தான். கல்யாணப் பாய்க்கு ஆர்டர் வந்தால் எடுத்த எடுப்பில் தறியில் உட்காருவார்களா? பெயரை எழுதி வாங்குவார்கள். நீளம், அகலம், சாயம், நிக்காஹ் தேதி எல்லாம் கேட்பார்கள். முன்பணம் வாங்குவார்கள். ஏனென்றால் இரண்டு பேர் பெயர் நெய்த பாயை மூன்றாவது ஆளுக்கு விற்க முடியாது. ஆர்டர் கொடுத்தவர் பின்வாங்கினால் அந்த உழைப்பு அப்படியே போயிற்று.

ஒருவர் கடைக்கென்று செய்த இணையப் பக்கமும் அந்தப் பாய் மாதிரிதான். அவர் கடைப் பெயர், அவர் படம், அவர் விலைப் பட்டியல். அவர் வேண்டாம் என்றால் அது யாருக்கும் உதவாது.

சொல்லிச் செய்விக்கும் பொருளுக்கு நம் மார்க்கத்தில் முன்மாதிரி இருக்கிறது. தச்சுத் தெரிந்த ஓர் ஊழியரை வைத்திருந்த அன்ஸாரிப் பெண்மணி ஒருவரிடம் சொல்லி நபி (ஸல்) அவர்கள் மிம்பர் செய்வித்தார்கள். முத்திரை இல்லாத கடிதத்தை அரசர்கள் படிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டபோது வெள்ளி மோதிரம் செய்வித்து, அதில் பெயரைப் பொறிக்கச் செய்தார்கள். அதே வாசகத்தை வேறு யாரும் தம் மோதிரத்தில் பொறிக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். ஒருவருக்குச் செய்த வடிவத்தை அப்படியே எடுத்து இன்னொருவருக்கு விற்க நினைக்கும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஹனஃபி மத்ஹபில் இதை இஸ்திஸ்னாஃ என்று தனி வியாபார ஒப்பந்தமாகவே வைத்திருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் ஸலம் என்ற ஒப்பந்தத்தின் கீழ் கொண்டு வந்து, முழு விலையையும் முன்பே கொடுக்கச் சொல்கிறார்கள். இணையப் பக்கம் கையில் பிடிக்கும் பொருள் இல்லையே, அது கூலி ஒப்பந்தமான இஜாராவில் வருமா என்று நம் ஹஜ்ரத்திடம் கேட்டோம். "பேரை அப்புறம் பார்க்கலாம். என்ன வேலை, என்ன விலை, என்ன தவணை, மூணும் ரெண்டு பேருக்கும் தெளிவா தெரியணும். அதுல மறைவு இருந்தா சண்டை வரும்" என்றார். கடனைத் தவணையோடு எழுதிக்கொள்ளச் சொல்லும் சூரா பகராவின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது. சிறியதோ பெரியதோ, எழுதச் சலிப்படையாதீர்கள் என்ற கருத்து அதிலேயே இருக்கிறது. அந்த வசனத்தை எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். ஓதிய நாங்கள் என்ன செய்தோம் என்பதை இப்போது சொல்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் நம் டிரஸ்ட்டுக்கு ஓர் இணையப் பக்கம் வேண்டும் என்று முடிவு செய்தோம். நம் தெருவில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பியைக் கூப்பிட்டோம். "நம்ம டிரஸ்ட்டுக்குத்தானே, செஞ்சு கொடு தம்பி, நன்மை கிடைக்கும்" என்றோம். "எவ்வளவு வேணும்?" என்று ஒரு வார்த்தை கேட்டோம், இல்லையென்று சொல்லவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "பார்த்துக் கொடுங்க மாமா" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் படுத்திய பாடு! நிர்வாகிகள் படம் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதிலேயே இரண்டு வாரம் போனது. ஒருவர் பச்சை நிறம் போதாது என்றார், இன்னொருவர் கண்ணைக் குத்துகிறது என்றார். பெருநாள் வாழ்த்து மேலே ஓட வேண்டும் என்றோம். பழைய ஆண்டறிக்கைகளைக் கொடுத்தோம். அவை பாமினி எழுத்துருவில் அடித்தவை. யூனிகோடுக்கு மாற்றாமல் இணையத்தில் போட்டால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அந்தத் தம்பி நோன்பு மாதத்தில் தராவீஹ் முடித்து வந்து ஸஹர் வரை உட்கார்ந்து மாற்றியிருக்கிறார். கடைசியில் விழா வைத்துப் பொன்னாடை போர்த்தி ஒரு கவர் கொடுத்தோம். கவருக்குள் இருந்த தொகையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த விழாவின் பிரியாணிச் செலவு அதைவிட அதிகம்.

சில நாள் கழித்து அவருடைய தாயார் அலுவலக வாசலில் வந்து நின்றார். காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும், மகன் வேலைக்கு இன்னும் ஏதாவது தருவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவரிடம் பைத்துல்மாலுக்கு மனு எழுதிக் கொடுக்கச் சொன்னோம். கூலியாகக் கேட்டவரை உதவி கேட்க வைத்தோம். வியர்வை காய்வதற்குள் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம்.

பிறகு அவர் சவூதிக்கு வேலைக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் நம் பக்கம் இணையத்தில் காணாமல் போனது. டொமைன் என்கிற அந்த முகவரியை யாரும் சொந்தமாக வாங்கிவிடுவதில்லை. வாடகை வீடு மாதிரி வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். பதிவு அவருடைய மின்னஞ்சலில் இருந்தது, நினைவூட்டலும் அங்கேதான் போனது. "பையன் ஏமாத்திட்டான்" என்று எங்கள் கமிட்டியிலேயே ஒருவர் பேசினார். உண்மை என்னவென்றால், அதற்கு முன் கட்டணத்தையெல்லாம் அந்தத் தம்பியே தன் கைக்காசில் கட்டி வந்திருக்கிறார். நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

இந்தப் பயிற்சி வகுப்பு தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு உறுத்தியது. அவரைத் தொடர்புகொண்டு மன்னிப்புக் கேட்டோம், பில் அனுப்பச் சொன்னோம். நாங்கள் மனதில் போட்டிருந்த கணக்கைவிட அது பெரிய தொகை. கமிட்டியில் முணுமுணுப்பு எழுந்தது. வரி வரியாகப் பார்த்தோம், எல்லாம் நாங்கள் சொல்லிச் செய்த வேலை. பாதியை அனுப்பிவிட்டோம். மீதி இன்ஷா அல்லாஹ் இந்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேரும். சொன்ன கடன் அதுதான்.

பிள்ளைகளே, இதிலிருந்து உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். "பார்த்துக் கொடுங்க" என்று சொல்லி வேலை எடுக்காதீர்கள். சொந்தக்காரரானாலும் சரி, துபாயில் கடை வைத்திருப்பவரானாலும் சரி, ஒரே ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகு கணினியைத் திறங்கள். எத்தனை பக்கம், எழுத்தும் படமும் யார் தருவது, எந்தத் தேதிக்குள் தருவது? அவர் தருவது தாமதமானால் உங்கள் தவணையும் தள்ளிப் போகும் என்பதையும் எழுதுங்கள். டொமைன் அவர் பெயரிலும் அவர் மின்னஞ்சலிலும்தான் பதிவாக வேண்டும். வருடக் கட்டணம் யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்கட்டும். முக்கியமாக, எத்தனை திருத்தம் என்பதை எண்ணிச் சொல்லுங்கள். மூன்று என்றால் மூன்று. நம் வகுப்புப் பெண் ஒருவர் அபாயா விற்கும் ஒருவருக்குப் பக்கம் செய்யப் போய், "சின்ன மாத்தம்மா, இது மட்டும்" என்ற சொல்லிலேயே ஒன்றரை மாதம் போயிற்று. பிறகு அந்த எண் அழைப்பை எடுப்பதே இல்லை. முன்பணம் வாங்கவில்லை, முழுப் பக்கத்தையும் முன்கூட்டியே ஒப்படைத்துவிட்டார். பாதிப் பணம் முன்னால், மீதி வந்த பிறகு ஒப்படைப்பு என்று வைத்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

தெரியாத ஆளோடு வேலை செய்யும்போது ஃபைவர் மாதிரியான தளங்கள் ஒரு பாதுகாப்பு. வாங்குபவரின் பணம் முதலிலேயே அங்கே வந்து நிற்கும். அதற்கு அவர்கள் விற்பவரிடம் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள். 100 டாலருக்கு வேலை செய்தால் 80 டாலர்தான் உங்களுக்கு. அதைக் கணக்கில் வைத்து விலை சொல்லுங்கள். அங்கே அறிமுகமான வாடிக்கையாளரைத் தளத்துக்கு வெளியே இழுத்துப் போய்க் கழிவை மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நிபந்தனையை ஏற்றுத்தானே உள்ளே போனோம்? அதுவும் ஒப்பந்தம்தான்.

பணம் வரும் வழியைப் பற்றிப் பெற்றோர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். "உண்டியல்ல அனுப்பிடறேன், கமிஷன் மிச்சம்" என்று வளைகுடா வாடிக்கையாளர் சொல்வார். நம் ஊரில் அது பழகிப் போன வார்த்தை. ஆனால் அது ஃபெமா சட்டத்துக்குப் புறம்பானது. வேண்டவே வேண்டாம். வங்கி வழியாக வரட்டும். எதற்காக வந்த பணம் என்று வங்கி கேட்கும்போது குடும்பச் செலவுக்கு என்று எழுதாதீர்கள், செய்த வேலையை எழுதுங்கள். பில்லையும், வெளிநாட்டுப் பணம் வந்ததற்கு வங்கி தரும் சான்றையும் எடுத்து வையுங்கள், ஆடிட்டர் கேட்பார். பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் நடக்கும் பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு மட்டும் அது உதவும்.

வாடிக்கையாளர் ஓரிடத்தில் இருக்க, சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் கணக்கிலிருந்து பணம் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அது வேறு யாரிடமோ ஏமாற்றிய பணமாக இருந்தால் போலீஸ் உங்கள் கணக்கை முடக்கும். "அதிகமா அனுப்பிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்பு" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புவது இன்னொரு தந்திரம். வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்காமல் எதையும் திருப்பாதீர்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். நேரம் போகப் போகப் பணமும் போய்விடும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இரவில் அந்நியரோடு பேச வேண்டியிருக்குமே என்று கவலைப்படுகிறீர்கள். நியாயம்தான். பேச்சு எல்லாம் மின்னஞ்சலிலும் எழுத்திலும் இருந்தால் அந்தக் கவலையும் குறையும், ஒப்பந்தத்துக்கும் அதுவே சாட்சியாகும். ஆனால் வங்கிக் கணக்கு மகள் பெயரில் இருக்கட்டும். அண்ணன் கணக்கில் வந்து, அங்கிருந்து கைக்குப் பத்தும் இருபதுமாகக் கொடுக்கும் ஏற்பாடு வேண்டாம். பெண் சம்பாதித்தது பெண்ணுக்கு என்பது குர்ஆன் தந்த உரிமை.

ஹலாலா என்ற கேள்விக்கு நீளமாகப் போக வேண்டியதில்லை. சாராயக் கடைக்கும் சூதாட்டத்துக்கும் வட்டிக் கடைக்கும் பக்கம் செய்யாதீர்கள். சந்தேகமான இடத்தில் ஹஜ்ரத்திடம் கேளுங்கள். இதைவிட நாம் கவனிக்காமல் விடுவது வேறொன்று. கூகுளில் கிடைத்த படத்தை எடுத்துப் போடுவதும், விலைக்கு விற்கும் தீமைக் கிராக் செய்து பயன்படுத்துவதும் ஹராமென்று யாருக்கும் உறைப்பதில்லை. அப்படிப்பட்ட தீம்களுக்குள் பல நேரம் திருட்டு வாசல் ஒன்றும் ஒளிந்திருக்கும். நம்பி வேலை கொடுத்தவர் கடையைத்தான் அது திறந்து விடும். இலவசமாக அனுமதித்த படங்களும் வேர்ட்பிரஸ் தீம்களும் வேண்டிய அளவு இருக்கின்றன.

கடைசியாக ஓர் அறிவிப்பு. ஒரு பக்க ஒப்பந்தப் படிவத்தைத் தமிழில் தயாரித்து வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். முதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டது நாங்கள்தான். டிரஸ்ட்டின் புதிய இணையப் பக்கத்தை இந்த வகுப்பில் படித்த இரண்டு பெண் பிள்ளைகளிடம் ஒப்படைத்திருக்கிறோம். விலை பேசி, பாதித் தொகையைக் காசோலையாகக் கொடுத்துவிட்டோம். டொமைன் டிரஸ்ட் பெயரில் பதிவாகிவிட்டது. மூன்று திருத்தம் என்று எழுதியிருக்கிறார்கள். தலைவர் படத்துக்காக அதில் இரண்டை ஏற்கனவே செலவழித்துவிட்டோம். மீதமுள்ள ஒன்றைப் பற்றிக் கமிட்டி அடுத்த ஞாயிறு கூடிப் பேசும்.