பெருங்கணிப்பொறியின் தூதர்கள்

பள்ளியின் கால அட்டவணை தலைமையாசிரியர் அறையில் உருவாகிறது. பாடமோ வகுப்பறையில் நடைபெறுகிறது. அட்டவணை எத்துணைத் திருத்தமாக இருப்பினும், அதனைப் பெற்று நடத்தும் ஆசிரியர் வகுப்பில் இல்லையேல் அது வெறுங்காகிதமே. வங்கிகளில் இரவுதோறும் நடைபெறும் கணக்கு வேலைகளின் நிலையும் இதுவே. அதனைப் பற்றிச் சில செய்திகளை இன்று கூற விரும்புகிறேன்.

ஐ.பி.எம். நிறுவனம் 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் 'சிஸ்டம் 360' என்னும் கணிப்பொறி வரிசையை அறிவித்தது. அதன் வழிவந்த பெருங்கணிப்பொறிகள், 'மெயின்பிரேம்' என்ற பெயருடன், பெரிய வங்கிகள் பலவற்றின் பேரேட்டை இன்றும் காத்து வருகின்றன. பகலிற் சேர்ந்த பற்றுவரவுகளைத் தொகுத்தல், வட்டி கணக்கிடுதல், அறிக்கை தயாரித்தல் ஆகியவை இரவில் ஒன்றன்பின் ஒன்றாக நிகழவேண்டும். எதற்குப் பின் எது என்று வகுத்து ஏவுவதற்கெனவே தனி மென்பொருள்கள் உண்டு. 'சிஏ-7' அவற்றுள் ஒன்று.

காலப்போக்கில் இவ்வேலைகளுட் பல, லினக்ஸ், விண்டோஸ் முதலியவற்றில் இயங்கும் வேறு கணிப்பொறிகளுக்குப் பெயர்ந்தன. அட்டவணை ஓரிடம், வேலை மற்றோரிடம் என்றாயிற்று. "அங்கேயும் ஒரு கடிகாரத்தை வைத்து மூன்று மணிக்கு ஏவினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். வழக்கமாக இரண்டு மணிக்கு முடியும் முதல் வேலை ஒருநாள் நான்கு மணிக்கு முடிந்தால் என்னாகும்? கடிகாரம் அதனை அறியாது. அரைகுறைக் கோப்பை வைத்தே அடுத்த கணக்கு நடந்துவிடும். ஆகவேதான் 'ஏஜென்ட்' எனப்படும் முகவர் மென்பொருள் தேவையாயிற்று. ஏவலைப் பெறுதல், வேலையைத் தொடங்குதல், கண்காணித்தல், முடிவை உள்ளவாறு தெரிவித்தல் ஆகிய நான்கும் அதன் கடமைகள். திருக்குறளில் தூதுக்கென ஓர் அதிகாரமே உண்டல்லவா? இதுவும் ஒரு தூதனே.

இத்தூதனை அமர்த்துவோர் கவனிக்கத்தக்கவை சில. முதலாவது, பெயர். பெருங்கணிப்பொறியில் எழுதிய பெயரும் முகவருக்கு இட்ட பெயரும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, வாயில் எண். சிஏ-7உடன் இணைந்து பணிபுரியும் முகவர் மென்பொருளில் வழக்கமாக அமைவது 7520. ஏவல் செல்லும் வழியைத் திறந்துவிட்டு, விடை திரும்பும் வழியை மறந்துவிடுதல் கூடாது. மூன்றாவது, மறைகுறி. இருபுறமும் ஒரே சாவி இல்லையேல் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. நான்காவது, உரிமை. வேலைக்குத் தேவையான அளவு அதிகாரமே அதற்குத் தரவேண்டும்.

ஐந்தாவது, எழுத்து. 'ஏ' என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்திற்குப் பெருங்கணிப்பொறியின் 'எப்சிடிக்' முறையில் எண் 193. மற்றக் கணிப்பொறிகளின் 'ஆஸ்கி' முறையில் 65. இடையே மாற்றம் செய்யாமல் அனுப்பிய கோப்பு படிக்கவியலாத குப்பையாகிவிடும்.

ஆறாவதே தலையாயது: முடிவுக் குறி. பூச்சியம் என்றால் வெற்றி. பிற எண்கள் குறையைச் சுட்டும். கட்டளைத் தொகுப்பின் நடுவில் கணக்குத் தவறியிருந்தும், இறுதி வரி "முடிந்தது" என்று அச்சிடுவதாக அமைந்தால், அவ்வரியின் வெற்றியே முழுமைக்கும் வெற்றியாகச் சொல்லப்பட்டுவிடும். ஆதலின், வேண்டுமென்றே தவறும் வேலை ஒன்றை அனுப்பி, தோல்வியைத் தோல்வி என்றே முகவர் சொல்கிறதா எனச் சோதித்தல் இன்றியமையாதது.

இத்தனை எச்சரிக்கை எதற்கு? 2012ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பிரிட்டனின் ராயல் பாங்க் ஆப் ஸ்காட்லாந்து குழும வங்கிகளில் இரவு வேலைகளை வகுக்கும் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது. கோளாறு தென்பட்டதும், விளைவைச் சோதியாமலே அப்புதுப்பிப்பை நீக்கினர். 65 லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் இடருற்றனர். தம் இருப்பு எவ்வளவு என அறியாதாரும், வெளிநாட்டிற் கைப்பணமின்றித் தவித்தாரும், தொழிலாளருக்குக் கூலி கொடுக்கவியலாத முதலாளிகளும் அவருள் இருந்தனர். 2014இல் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த தண்டம் 5 கோடியே 60 லட்சம் பவுன்.

பொருத்தும் முறையைப் போலவே, பழுதின்றி நீக்கும் முறையையும் முன்னரே ஒத்திகை பார்த்தல் வேண்டும். அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவரின் மாதச் சம்பளம் காத்திருக்கிறது என்பதை இப்பணியில் ஈடுபடும் இளைஞர்கள் நினைவிற் கொள்வார்களாக.