கபரஸ்தான் மரங்களும் காற்றில் ஏறிய கரியும்
(டிரஸ்ட் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



நம் கபரஸ்தானில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை என்ன செய்வது என்பதுதான் இன்றைய கேள்வி. கரி மூட்டம் போடுபவர் ஒருவர் மொத்தமாக விலை பேசியிருக்கிறார். வெட்டிய இடத்தில் ஒரே நாளில் ஆயிரம் கன்று நட வேண்டுமென்று இளைஞர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள். காற்றில் சேர்ந்த கரியமில வாயுவை மரம் இழுக்கும், பூமியின் சூட்டைக் குறைக்க அது நம் பங்கு என்பது அவர்கள் வாதம். வாதம் சரிதான். ஆயிரம் என்பதில்தான் நமக்குத் தயக்கம்.

நிலக்கரியும் பெட்ரோலும் எரிக்கத் தொடங்குவதற்கு முன், காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. உலகம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,700 கோடி டன் விடுகிறது. அதில் ஒரு பகுதி பல நூறு ஆண்டுகள் காற்றிலேயே தங்கும். ஆகவே புகையைக் குறைப்பது முதல் வேலை. ஏற்கெனவே போனதில் கொஞ்சமாவது திரும்ப எடுப்பது அடுத்த வேலை.

எடுப்பதற்கு இயந்திரமும் உண்டு. ஐஸ்லாந்தில் 2024-ல் தொடங்கிய நிலையம் ஆண்டுக்கு 36,000 டன் வரை பிரிக்கும்படி அமைக்கப்பட்டது. கணக்குப் போட்டால், உலகம் அரை நிமிடத்தில் விடும் அளவு அது! நம் தூத்துக்குடியில் 2016-ல் நிலக்கரிக் கொதிகலனின் புகையைப் பிடித்துச் சோடா உப்பு செய்யும் ஏற்பாடு வந்தது. நல்ல காரியம். ஆனால் அது புகைபோக்கியிலேயே மறிப்பது. காற்றில் கலந்ததை எடுப்பதல்ல. நம் கைக்கு எட்டுவது மரம்தான்.

காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய பாதி கரி. அது மண்ணிலிருந்து வந்ததல்ல. இலை காற்றிலிருந்து எடுத்தது. மரம் நிற்கும்வரை கரி அதற்குள் நிற்கும். எரித்தாலோ மக்கினாலோ பெரும்பாலும் வந்த வழியே போய்விடும். நட்ட கன்று கணக்கில் வராது, முப்பது வருடம் கழித்து நிற்கும் மரம்தான் கணக்கு.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. மாதம் 15 லிட்டர் போடும் பைக், வருடத்தில் 400 கிலோவுக்கு மேல் விடும். வளர்ந்த மரம் வருடத்துக்கு 20 கிலோ போல எடுக்கும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். மண்ணையும் மழையையும் பொறுத்துக் கூடும், குறையும். ஒரு பைக்குக்கு இருபது மரம்! தெருமுனைக் கடைக்கும் பைக்கில் போகும் தம்பிகள் கவனிக்கவும்.

எந்த மரமானாலும் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். நம் மாவட்டத்துக் கொடைக்கானல் மலையில், தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் மரத்தை வளர்த்தார்கள். தோல் ஷாப் வைத்திருந்த குடும்பங்கள் இங்கே பலர் உண்டு. அந்தப் பட்டை அவர்களுக்குத் தெரியும். 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டவர்கள், பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு தோட்ட மரங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதைக் கண்டார்கள். புல்வெளி மண்ணுக்குள்ளும் கரி நிறைய இருக்கிறது. மழைநீரைப் பிடித்து வைத்துக் கீழே விடுவதும் அதுதான். கீழே சமவெளியில் குடத்தோடு காத்திருப்பது நாம்தானே.

சரி, சீமைக்கருவேலமும் காற்றிலிருந்து கரியை எடுக்கிறதே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வெட்டிவிட்டுச் சும்மா போட்டால் அதுவும் நஷ்டம். அதோடு, அடிக்கட்டையை விட்டால் மறுபடி தழைக்கும். கபர்கள் இருக்கும் பக்கம் ஜேசிபி இறக்க முடியாது. கையால்தான் தோண்ட வேண்டும். எனவே மொத்தமாக விற்பதற்கு நிர்வாகம் சம்மதிக்கவில்லை. மேற்குச் சுவரோரம் முதலில், ஒவ்வொரு பகுதியாக எடுப்போம்.

கரியிலும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். மூட்டத்துக் கரி இஸ்திரிப் பெட்டியிலும் கிரில் கடை அடுப்பிலும் ஒரே நாளில் வாயுவாகிவிடும். அதையே தூளாக்கி மண்ணில் புதைத்தால், பெரும்பகுதி நூறு வருடத்துக்கு மேலும் கெடாமல் கிடக்கும். ஈரத்தையும் பிடித்து வைக்கும். ஆகவே கரியில் ஒரு பங்கு நமக்கு வர வேண்டும். மாட்டுச் சாணத்தில் ஊற வைத்துக் குழியில் இடுவோம்.

எத்தனை கன்று? அறுபது. வேம்பு, புங்கன், புளி, நாவல். கபர்களுக்கு இடையில் வேண்டாம், சுவரோரமும் பாதையோரமும் மட்டும். மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற நம்மிடம் இருக்கும் ஆள்பலத்துக்கு அவ்வளவுதான் தாங்கும். பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் தண்ணீர் இப்போது சாக்கடைக்குப் போகிறது. அதைக் குழாய் வழியே திருப்ப முடியுமா என்று பிளம்பரிடம் கேட்டிருக்கிறோம். முடிந்தால் அடுத்த வருடம் கன்றைக் கூட்டலாம்.

இன்ஷா அல்லாஹ், புரட்டாசியில் குழி எடுத்து ஐப்பசி மழையில் நடுவோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு மரம், பொறுப்பு மூன்று வருடம். ஊருக்கு வெளியே வேலைக்குப் போகிறவர்கள், பதிலுக்குத் தண்ணீர் ஊற்றுபவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். நோட்டு அலுவலக மேஜையில் இருக்கிறது. இளைஞர்கள் முதலில் எழுதட்டும்.