பெயரை மாற்றிக்கொண்ட விமானங்கள்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "மாணவர்களுக்கு உற்சாகம் தருகிற மாதிரி ஏதாவது பேசுங்க" என்றார். உற்சாகமூட்டும் பேச்சு எனக்கு வராது. நான் பேசப்போவது ஒரு விமானக் கம்பெனி தன் பெயரை மாற்றிக்கொண்ட கதை. அமெரிக்காவில் நடந்தது. அந்தக் கதையில் கதாநாயகன் யாரும் இல்லை. ஒரு சின்ன பிளாஸ்டிக் தொப்பி இருக்கிறது. சில கையெழுத்துகள் இருக்கின்றன. நான் சொல்ல வந்தது அந்தக் கையெழுத்துகளைப் பற்றித்தான்.

அந்தக் கம்பெனிக்கு வேல்யூஜெட் என்று பெயர். 1993 அக்டோபர் 26-ஆம் தேதி அட்லாண்டாவிலிருந்து டாம்பாவுக்குத் தன் முதல் விமானத்தை விட்டது. மற்றவர்கள் பயன்படுத்திக் கழித்த பழைய டி.சி.-9 விமானங்களை வாங்கி, சாப்பாடு, உபசரிப்பு எல்லாவற்றையும் குறைத்து, பஸ் கட்டணம் மாதிரி டிக்கெட் விற்றார்கள். விமானத்தின் மேல் சிரிக்கிற முகத்தோடு ஒரு கார்ட்டூன் விமானப் படம். அதற்கு 'கிரிட்டர்' என்று செல்லப் பெயர். பைலட்டுகள் கட்டுப்பாட்டு கோபுரத்தோடு ரேடியோவில் பேசும்போதுகூட அழைப்புப் பெயர் 'கிரிட்டர்'தான். இரண்டு விமானத்தோடு ஆரம்பித்தவர்கள் இரண்டரை வருஷத்தில் சுமார் ஐம்பது விமானங்களுக்கு வந்துவிட்டார்கள். அப்படி வளர்ந்தவர்களைப் பார்த்து அமெரிக்காவே கைதட்டியது.

வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கப் பராமரிப்பு வேலையில் பெரும்பகுதியை வெளி நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். அதில் தப்பில்லை, இன்றைக்கும் எல்லோரும் செய்வதுதான். மயாமியில் சேபர்டெக் என்றொரு நிறுவனம். வேல்யூஜெட் புதிதாக வாங்கிய எம்.டி.-80 ரக விமானங்கள் சில அங்கே பழுதுபார்ப்புக்கு நின்றன. அவற்றிலிருந்த ஆக்ஸிஜன் ஜெனரேட்டர்களில் பலவற்றுக்குக் காலாவதி ஆகியிருந்தது. கழற்றிவிட்டுப் புதியது போட வேண்டும்.

மெக்கானிக்கல், கெமிக்கல் தம்பிமார் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். விமானத்தில் காற்றழுத்தம் குறைந்தால் தலைக்கு மேலிருந்து முகமூடி விழும் இல்லையா? அதை இழுத்ததும் ஒரு கயிறு ஒரு பின்னை உருவும். ஸ்பிரிங் வைத்த சுத்தி ஒரு சின்ன வெடிமருந்துக் குமிழில் அடிக்கும். உள்ளே இருக்கிற சோடியம் குளோரேட் சிதைந்து ஆக்ஸிஜன் வரும். கூடவே சூடும் வரும். வெளிக்கூடு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். தாங்கியில் பொருத்தி வைத்திருக்கும்வரை ஆபத்தில்லை. கழற்றி எடுத்தால், அந்தச் சுத்தி தவறிக்கூட அடித்துவிடாதபடி அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் தொப்பி மாட்ட வேண்டும். ஒரு தொப்பியின் விலை சில சென்ட்டுகள்தான்.

வேலை அட்டையில் "பயன்படுத்தப்படாத ஜெனரேட்டர் என்றால் தொப்பி போடவும்" என்று தெளிவாகவே இருந்தது. தொப்பி ஒர்க்‌ஷாப்பில் இல்லை. வாங்கி வரவும் இல்லை. ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு அபராதம் உண்டு. அட்டையில் கையெழுத்து விழுந்தது. ஒரு மெக்கானிக் போட்டார், மேற்பார்வையாளர் போட்டார், ஆய்வாளரும் போட்டார். எல்லாம் சரி.

கழற்றிய ஜெனரேட்டர்கள் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. யாரோ ஒரு வாடிக்கையாளர் பார்வையிட வருகிறார், இடத்தைச் சுத்தம் பண்ணுங்கள் என்றொரு உத்தரவு வந்தது. பெட்டிகள் ஸ்டோருக்குப் போயின. ஸ்டோரில் இருந்தவர் சீட்டில் 'காலி' என்று எழுதிவிட்டார். கெடு முடிந்தது என்பதும் காலி என்பதும் அவருக்கு ஒன்றாகப் பட்டிருக்க வேண்டும். பெட்டிகள், விமானச் சக்கரங்களோடு சேர்த்து, அட்லாண்டா போகிற விமானத்தில் ஏற்றப்பட்டன.

1996 மே 11. பிளைட் 592, டி.சி.-9. மதியம் இரண்டு மணி தாண்டிக் கிளம்பிய விமானம் பத்து நிமிஷத்தில் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. பயணிகள் 105 பேர், ஊழியர்கள் 5 பேர். யாரும் பிழைக்கவில்லை.

அந்த விமானத்தின் சரக்கறையில் புகை காட்டும் கருவியும் இல்லை, தீயணைப்பும் இல்லை. அதற்கும் ஒரு காரணம் சொன்னார்கள். அந்த அறை காற்றுப் புகாதபடி கட்டப்பட்டது, தீப்பிடித்தாலும் ஆக்ஸிஜன் தீர்ந்து தானே அணைந்துவிடும் என்பது வடிவமைப்பு. படிக்கிற காலத்தில் இதைக் கேட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். ஆனால் அன்றைக்கு ஏற்றிய சரக்கே ஆக்ஸிஜன் தயாரிக்கிற சரக்கு! நாம் எழுதுகிற ஒவ்வொரு கணக்குக்கும் மேலே 'எனக் கொள்க' என்று ஒரு வரி போடுகிறோமே, அந்த வரி உடைகிற நாள் இப்படித்தான் வரும்.

எச்சரிக்கை வராமல் இல்லை. 1986-லேயே சிகாகோவில் தரையில் நின்ற ஒரு டி.சி.-10 இதே மாதிரி ஜெனரேட்டரால் எரிந்து போனது. சரக்கறைகளில் புகை காட்டும் கருவி வேண்டுமென்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1988-லேயே கேட்டிருந்தது. செலவுக்கேற்ற பலன் இல்லை என்று விமான நிர்வாகத் துறை ஒதுக்கிவிட்டது. 1996 பிப்ரவரியில் அந்தத் துறைக்குள்ளேயே ஒரு குறிப்பு, வேல்யூஜெட்டின் தகுதியை மறுபடி பரிசோதிக்கலாம் என்று சொல்லியிருந்தது. அது மேலே போய்ச் சேரவில்லை. ஃபைலில் இருந்தது. ஃபைல் என்றால் என்ன என்று இங்கே இருக்கிற அரசுத் துறை நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனிமேல்தான் பெயர் மாறுகிற படலம்.

1996 ஜூனில் கம்பெனி பறப்பதை நிறுத்த வேண்டி வந்தது. செப்டம்பர் 30-ஆம் தேதி மறுபடி கிளம்பியது. விமானம் கிளம்பியது, ஜனங்கள் ஏறவில்லை. சிரிக்கிற அந்தக் கார்ட்டூன் முகத்தைப் பார்த்தாலே சதுப்பு நிலம் ஞாபகம் வந்தது. 1997 ஜூலையில் ஓர் அறிவிப்பு: ஏர்ட்ரான் என்ற சின்னஞ்சிறு விமானக் கம்பெனியின் தாய் நிறுவனத்தை வாங்குகிறோம். வாங்கினது பெரியவன், ஆனால் எடுத்துக்கொண்டது சின்னவன் பெயர். கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வேல்யூஜெட் என்ற பெயர் போய் ஏர்ட்ரான் வந்தது. நவம்பரில் இணைப்பு முடிந்தது. கார்ட்டூன் முகத்தை அழித்து, வாலில் ஒரு பெரிய 'ஏ' எழுத்தை எழுதினார்கள். ரேடியோவில் 'கிரிட்டர்' போய் 'சிட்ரஸ்' ஆனது. தலைமை அலுவலகம் ஒர்லாண்டோவுக்குப் போனது. போன வருஷம் பறந்த அதே டி.சி.-9 விமானம் இந்த வருஷம் வேறு பெயரில் பறந்தது.

நம் ஊரில் இது புதிதா? பிறக்கிற பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்குக் குப்பை என்றும் பிச்சை என்றும் பெயர் வைப்பார்கள். எமன் ஏமாந்து போவான் என்று ஒரு நம்பிக்கை. இப்போது நியூமராலஜிக்காரர் ஒரு எழுத்தைக் கூட்டச் சொல்கிறார். கம்பெனிக்காரர்கள் அதையே அதிகச் செலவில் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பெயர் மாற்றத்தை ஏமாற்று என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கம்பெனியில் பல்லாயிரம் கிலோமீட்டர் ஒழுங்காக ஓட்டிய பைலட்டுகள் இருந்தார்கள், தொப்பியைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத டிக்கெட் கவுண்ட்டர் பெண்கள் இருந்தார்கள். பழைய பெயர் நீடித்திருந்தால் அவர்கள் எல்லோரும் தெருவுக்கு வந்திருப்பார்கள். பெயரோடு வேறு சிலதும் மாறத்தான் செய்தன. 1995-லேயே அவர்கள் ஐம்பது புது விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். எம்.டி.-95 என்று பெயர். 1999 செப்டம்பரில் முதலாவது வந்து சேர்ந்தபோது, தயாரித்த கம்பெனியே போயிங்கோடு இணைந்துவிட்டதால், அந்த விமானத்தின் பெயரும் போயிங் 717 என்று மாறியிருந்தது! பெயர் மாறிய கம்பெனிக்குப் பெயர் மாறிய விமானம். அந்த விமானங்கள் நன்றாகவே ஓடின. பிளைட் 592-க்குப் பிறகு, கடைசிவரை அந்தக் கம்பெனியின் விமானம் எதுவும் விபத்தில் பயணியைப் பலிகொள்ளவில்லை.

ஆனால் விமானப் பயணத்தைப் பத்திரமாக்கியது வாலில் எழுதிய 'ஏ' இல்லை. ஜெனரேட்டர்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது என்று 1996-லேயே தடை வந்தது. சரக்கறைகளில் புகை காட்டும் கருவியும் தீயணைப்பும் கட்டாயம் என்று 1998-ல் விதி வந்தது, மூன்று வருஷ அவகாசத்தோடு. வாரியத்தின் அறிக்கை 1997 ஆகஸ்டில் வந்தது, பெயர் மாறுவதற்கு ஒரு மாதம் முன்னால். அதில் மூன்று பேர் மேல் பொறுப்பு வைத்தார்கள்: ஜெனரேட்டரைச் சரியாகத் தயார் செய்து, பெட்டி கட்டி, அடையாளமிடாத சேபர்டெக், வெளியே கொடுத்த வேலையைக் கண்காணிக்காத வேல்யூஜெட், சரக்கறையில் தீப் பாதுகாப்பைக் கட்டாயமாக்காத விமான நிர்வாகத் துறை. அந்த அறிக்கையில் வேல்யூஜெட் வேல்யூஜெட்டாகத்தான் இருக்கிறது. அதில் யாரும் பெயிண்ட் அடிக்க முடியாது.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், எனக்கும் ஒரு தொப்பிக் கதை உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். கம்பெனி பெயர் வேண்டாம். பிரஷர் வெஸல்களின் சேஃப்டி வால்வுகளைப் பார்த்து அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டு வால்வு. மத்தியான வெயில், மேலே ஏணி. ஒன்பது வால்வைப் பார்த்தேன். பன்னிரண்டுக்கும் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் ஃபோர்மேன் கூப்பிட்டார். என் அப்பா வயது. ஐ.டி.ஐ. படித்தவர். திட்டவில்லை.

"தம்பி, பத்தாவது வால்வில் டேக் என்ன கலர்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை.

"வாங்க, போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்று முன்னால் ஏணி ஏறினார். பத்தும் பன்னிரண்டும் சரியாக இருந்தன. பதினோராவதில், ஹைட்ரோ டெஸ்டுக்காக வால்வு திறக்காமல் இறுக்கிப் பிடிக்கப் போடுகிற திருகு இருக்கிறதே, அதை யாரும் எடுக்கவே இல்லை. அழுத்தம் ஏறியிருந்தால் அந்த வால்வு திறந்திருக்காது. அவர் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துத் திருகைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "அட்டையைக் கிழிக்காதீங்க. உங்க கையெழுத்தை அடிச்சுட்டு, பக்கத்திலே தேதி, நேரம் போட்டு மறுபடி எழுதுங்க. அடிச்சது தெரியணும்" என்றார். அந்த அட்டை இன்னும் அங்கே எந்த அலமாரியிலாவது இருக்கும். அந்தக் கம்பெனியும் பிறகு கை மாறி, புதுப் பெயரில் இயங்குகிறது.

ஏர்ட்ரானுக்கும் பெயர் நிலைக்கவில்லை. சவுத்வெஸ்ட் கம்பெனி 2011 மே மாதம் அதை வாங்கிக்கொண்டது. 717 விமானங்கள் 88-ஐயும் டெல்டாவுக்கு வாடகைக்கு விட்டார்கள், மறுபடி பெயிண்ட். 2014 டிசம்பர் 28-ஆம் தேதி ஏர்ட்ரானின் கடைசி விமானம் கிளம்பியது. எங்கிருந்து எங்கே தெரியுமா? அட்லாண்டாவிலிருந்து டாம்பாவுக்கு. 1993-ல் கிரிட்டர் முதன்முதலாகப் போன அதே வழி.

எவர்கிளேட்ஸ் பக்கம் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. விபத்தின் மூன்றாவது ஆண்டு நினைவு நாளில், 1999-ல் திறந்தார்கள். 110 கான்கிரீட் தூண்கள், ஆளுக்கு ஒன்று, விமானம் விழுந்த இடத்தை நோக்கி நிற்கின்றன. வடிவமைத்தவர்கள் உங்களை மாதிரி மாணவர்கள், கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தவர்கள். கட்டிய கொத்தனார்களும் கான்டிராக்டர்களும் கூலி வாங்கவில்லை.

மணி அடித்துவிட்டது, செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சிலர் தங்கள் லேப் ரெக்கார்டைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ரீடிங் எடுக்காமலே எழுதினது எத்தனை பக்கம் என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்கிறேன். நானும் என்னுடையதைச் சொல்கிறேன்.